வாக்குத்தத்த அட்டையும் பிடி அரிசியும்



வருஷம் பிறந்தா எங்க ஊர் ஆலயத்துல நடுராத்திரி ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பாங்க. ஆளுக்கு ஒரு வசனம். அதை வீட்டு நிலைக்கு மேல ஒட்டி வைப்போம். அடுத்த ஜனவரி வரைக்கும் அது அங்கேயே இருக்கும். இப்போ அந்த அட்டை போனுக்குள்ளயும் வந்துட்டு. சென்னை, பெங்களூர்ல இருக்கிற எங்க வீட்டுப் பிள்ளைங்க தினமும் காலைல பூப்படம் போட்டு ஒரு செய்தி அனுப்புறாங்க. களஞ்சியம் நிறையும், கடன் தீரும், இந்த மாசம் பெரிய ஆசீர்வாதம் வருது, இப்படித்தான் இருக்கும்.

அன்போட அனுப்புறாங்க. அதுல எனக்குக் குறை இல்லை. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவருக்கு அப்படி ஒரு வரி எவ்வளவு தெம்பு கொடுக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா விசுவாசம்னா லாபத்துக்குக் கேரண்டி கார்டுன்னு பிள்ளைங்க மனசுல பதிஞ்சு போச்சோன்னு ஒரு கவலை. அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். நீங்க எந்தச் சாமியைக் கும்பிடுறவங்களா இருந்தாலும் படிக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் மதம் கிடையாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படிச்சவன். வேத சாஸ்திரம் படிச்ச ஐயர்மார் சொல்ற மாதிரி எனக்குச் சொல்ல வராது. (எங்க பக்கத்துல சி.எஸ்.ஐ. சபைப் போதகரை ஐயர்னு சொல்றது பழக்கம்.) தாமிரபரணி வாய்க்கால் பாசனத்துல ஒன்றரை ஏக்கர் நெல்லு, முக்கால் ஏக்கர் வாழை, ஓடைக்கரையில பத்துப் பதினைஞ்சு பனை. என் பள்ளிக்கூடம் இதுதான். ஆறு பொதிகை மலையில புறப்பட்டு சுமார் 128 கிலோமீட்டர் ஓடி புன்னக்காயல்ல கடல்ல சேருது. நாங்க கடைசிப் பகுதிக்காரங்க. மேல உள்ளவங்களுக்கெல்லாம் பாய்ஞ்சது போக மிச்சம் வர்றதுதான் எங்களுக்கு. காத்திருக்கிறது எங்களுக்குப் பிறவியிலேயே வந்த வேலை.

வேதாகமத்துல முன்மாரி, பின்மாரின்னு ரெண்டு வார்த்தை வரும். சின்ன வயசுல அது ஏதோ சாமி பாஷைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பிற்பாடு எங்க உபதேசியார் ஒருத்தர் விளக்கினாரு. இஸ்ரவேல் தேசத்துல வெயில் காலம் முழுக்க மழையே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை கணக்குல முதல் மழை விழும். காய்ஞ்சு கிடந்த மண்ணு இளகும். அப்பதான் உழுது கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பாங்க. அது முன்மாரி. பங்குனி, சித்திரை கணக்குல அறுப்புக்கு முன்னாடி இன்னொரு மழை. கதிர் திரள்றது அதுலதான். அது பின்மாரி. எங்க பிசானச் சாகுபடியும் அதே ஐப்பசியிலதான் ஆரம்பம், வடகிழக்குப் பருவமழையை நம்பி. அதைக் கேட்ட அன்னைக்கே வேதாகமம் எனக்கு ஒரு சம்சாரி எழுதின புத்தகம் மாதிரி ஆகிட்டு.

அவங்க பண்டிகையும் வயலைச் சுத்தித்தான். பஸ்கா வாற்கோதுமை அறுப்பு தொடங்குற நேரம். அங்கிருந்து ஏழு வாரம் எண்ணி வர்ற பெந்தெகொஸ்தே, கோதுமை அறுப்புப் பண்டிகை. வயல் ஓரத்துக் கதிரை ஒட்ட அறுக்காம ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுடணும்னு சட்டமே இருந்திருக்கு. எங்க பக்கமும் அறுத்த வயல்ல கதிர் பொறுக்க வர்றவங்களை யாரும் விரட்ட மாட்டோம். இப்போ மெஷின் அறுப்பு. சிந்தின நெல்லுக்கு வாத்துக்காரங்க கூட்டமா வாத்தைப் பத்திக்கிட்டு வர்றாங்க. கோனார்மார் ஆட்டுக்கிடை போடுறாங்க. வாத்தும் ஆடும் தின்னுட்டு, உரத்தைப் போட்டுட்டுப் போகும்.

இதுல எனக்குப் பட்டது ஒண்ணு. அந்தக் காலத்து சனங்களுக்கு விசுவாசம்ங்கிறது ஞாயிற்றுக்கிழமை காலைல ஒரு மணி நேரம் வர்ற உணர்ச்சி இல்லை. எப்ப விதைக்கணும், எப்ப காத்திருக்கணும், யாருக்கு எவ்வளவு விடணும்னு வருஷம் முழுக்கச் செய்ற வேலை அது. நமக்கும் அப்படித்தான் இருந்தது. அதைத்தான் இப்போ தொலைச்சுக்கிட்டு இருக்கோம்.

பனையை எடுத்துக்கோங்க. எங்க பகுதியில பதநீர்க் காலமும் லெந்து நாட்களும் ஒண்ணா வரும். வெயில் ஏற ஏறப் பதநீர் கூடும். பனையேறுறவர் தினமும் ஏறிப் பாளையை மெல்லிசாச் சீவி விடணும். ஒரு சீவலுக்கு மேல சீவினா பாளை வீணாப் போகும். ரெண்டு நாள் சீவாம விட்டா பதநீர் நின்னுடும். ஒரே நாள்ல முப்பது தடவை சீவிட்டு மாசம் பூரா வீட்ல இருக்க முடியாது. ஜெபமும் அப்படித்தான்னு எங்க அப்பா சொல்லுவாரு. அவரு பனையேறினவரு. காலைல மரத்தடியில இடுப்புக் கயிறு கட்டும்போது அரை நிமிஷம் கண்ணை மூடுவாரு. அவ்வளவுதான் அவரு ஜெபம். ஆனா ஒரு நாளும் தப்பாது. குருத்தோலை ஞாயிறுக்கு ஆலயத்துக்குக் குருத்து வெட்டிக் கொடுக்கிறதும் அவருதான். தான் தினமும் ஏறுற மரத்தோட ஓலையைத்தான் ஊரே கையில பிடிச்சுக்கிட்டுப் பவனி போகுதுங்கிறதுல அவருக்கு ஒரு பெருமை உண்டு.

விதை நெல்லும் அப்படித்தான். சாக்குல கட்டி ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, எடுத்து வடிச்சு, இன்னொரு நாள் வைக்கோலைப் போட்டு மூடி இருட்டுல வைப்போம். அந்த நேரத்துல திறந்து திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே சூடு ஏறி அதுவா முளைக்கும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாத்தங்கால்ல பாவிடணும். விதை மண்ணுல விழுந்து சாகாம பலன் இல்லைன்னு இயேசு சொன்னதுக்குப் பெரிய பெரிய பிரசங்கம் கேட்டிருக்கேன். எனக்கு அந்தச் சாக்குதான் பிரசங்கம். வெளிச்சம் இல்லாத இடத்துலயும் வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்.

இதெல்லாம் நல்ல வருஷத்துல சொல்ல நல்லாத்தான் இருக்கும், கெட்ட வருஷத்துல என்ன சொல்லுவீங்கன்னு கேப்பீங்க. அதையும் சொல்றேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள். உங்கள்ல பல பேரு டிவியில பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கே சராசரியா அவ்வளவு பெய்யாது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயில் நின்னு, நூத்துக்கணக்கான பேரு சிக்கிக்கிட்டாங்க. குளம் குளமா உடைஞ்சது. ஆத்துத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் சேர்ந்து ஊருக்குள்ள வந்துட்டு. கரண்டும் போச்சு, போனும் போச்சு.

என் நெல்லு நட்டு நாப்பது நாள் கூட ஆகலை. அது மேல மணல் மூடிட்டு. வாழை எழுநூறு. ஏத்தனும் கோழிக்கூடும். குலை தள்ளுற பருவம். தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா எல்லாம் ஒரே பக்கமாச் சாய்ஞ்சு படுத்துக் கிடக்கு. நிலைக்கு மேல ஒட்டியிருந்த அந்த வருஷத்து அட்டை நனையாம அப்படியே இருந்தது. அதுல செழிப்பைப் பத்தித்தான் எழுதியிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபமும் வரலை, அழுகையும் வரலை. என்ன நினைக்கிறதுன்னே தெரியலை.

ஆனா அந்த மூணு நாளும் ஊரு பட்டினி கிடக்கலை. ஏன்னு சொல்றேன்.

எங்க சபையில பிடி அரிசின்னு ஒரு பழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவங்களுக்குத் தெரியும். வீட்ல சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியா ஒரு பானையில போட்டு வைப்பாங்க. அதைச் சேர்த்து ஆலயத்துக்குக் கொண்டு வந்து கொடுப்பாங்க. அதை வித்த பணம் ஊழியத்துக்குப் போகும். கிழவிகளோட பழக்கம்னு இளசுக சிரிக்கும். கூகுள் பேல அம்பது ரூபா போட்டா தீர்ந்துச்சே, எதுக்குப் பானையும் பிடியும்னு கேட்டவங்க எங்க வீட்லயே உண்டு. அந்த டிசம்பர்ல சேர்ந்த அரிசி விக்காம மூணு சாக்குல கட்டி, ஆலயத்துல உயரத்துல இருந்தது. வெள்ளத்துல பள்ளிக்கூட மாடிக்கு ஏறினவங்க நூத்துச் சொச்சம் பேரு. எங்க சபைக்காரங்க, அம்மன் கோயில் தெருக்காரங்க, சாலையில மாட்டிக்கிட்ட லாரி டிரைவர் ரெண்டு பேரு, எல்லாரும். கோயில் குட்டியார் இடுப்பளவு தண்ணியில போய் அந்தச் சாக்கைத் தலையில தூக்கிட்டு வந்தாரு. மூணு நாள் கஞ்சி. அம்மன் கோயில் தெருப் பொம்பளைங்கதான் அடுப்பு மூட்டினாங்க.

நான் அந்தக் கஞ்சியைக் கையில வாங்கினப்போ நினைச்சது இதுதான். இந்த அரிசி அற்புதமா வானத்துல இருந்து விழுந்தது இல்லை. வெள்ளம் வரும்னு தெரிஞ்சு யாரும் சேர்க்கவும் இல்லை. தினமும் ஒரு பிடி, வேற நினைப்பு இல்லாமப் போட்டது. கேரண்டி கேட்டுச் சேர்த்திருந்தா ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு, வெளியூர்ல இருந்து ஒரு பிரசங்கியார் பக்கத்து ஊருக் கூட்டத்துக்கு வந்தாரு. விசுவாசம் பலமா இருந்தா உன் நிலத்தை வெள்ளம் தொடாதுன்னு மைக்ல சொன்னாரு. எங்க சித்தி ஒருத்தியும் கேட்டுட்டு வந்தா. வீடு இடிஞ்சு போய் மகன் வீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறவ. ராத்திரி என்கிட்ட, "எய்யா, அப்ப நான் பண்ணின ஜெபம் காணலையோ?"ன்னு கேட்டா. அறுபது வருஷமா ஒரு ஞாயிறு தப்பாம ஆலயத்துக்குப் போனவ கேக்குற கேள்வியா அது!

அன்னைக்குத்தான் எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. "சித்தி, அம்மன் கோயில் தெரு வயலும் போச்சு, பள்ளிவாசல் தோப்பும் போச்சு, நம்ம ஐயர் வீட்டு முருங்கையும் போச்சு. தண்ணி யாரு வீட்ல எவ்வளவு ஜெபம்னு கணக்குப் பார்த்தா வந்துச்சு?"ன்னு கேட்டேன். நல்லவன் மேலயும் கெட்டவன் மேலயும் கடவுள் ஒரே மாதிரி மழை பெய்யப் பண்றாருன்னு இயேசுவே சொல்லியிருக்காரு. அத்தி பூக்கலை, திராட்சை காய்க்கலை, வயல் விளையலை, தொழுவத்துல மாடு இல்லை, அப்பவும் நான் கர்த்தருக்குள்ள சந்தோஷமா இருப்பேன்னு ஆபகூக் தீர்க்கதரிசி சொல்றாரு. அவருக்கு விசுவாசம் இல்லைன்னு எந்தப் பிரசங்கியாரு சொல்லுவாரு? நஷ்டப்பட்டவன் தலையில குற்றத்தையும் ஏத்தி வைக்கிறது ஆறுதல் இல்லை. அது அவன் மேல போடுற இன்னொரு சாக்கு மணல்.

இன்னொண்ணும் சொல்லணும். ஜெபம் பண்ணிட்டோம்னு சொல்லி மடையைத் தூர்வாராம இருக்கிறதும் விசுவாசம் கிடையாது. மழைக்கு உபவாச ஜெபம் வைக்கிறோம், சரி. மழை வந்தா தண்ணி போற ஓடையை முள்ளு மூடிக் கிடக்கு. அந்தக் காலத்துல குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வந்து கரையைக் கட்டினாங்க. 2024 கோடையில நாங்க மறுபடி அப்படிச் செஞ்சோம். லெந்து நாள்ல சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வாய்க்கால்ல நின்னோம். எங்க ஐயரும் அங்கியைக் கழட்டி வச்சுட்டு வந்து நின்னாரு. என்னைக் கேட்டா அந்த வருஷத்து நல்ல பிரசங்கம் அதுதான்.

சரி, ஊக்கம் எங்கிருந்துதான் வருது? எனக்கு வந்த வழியைச் சொல்றேன். வெள்ளம் வடிஞ்ச மறுநாள் நான் வரப்புல உக்கார்ந்திருந்தேன். பக்கத்து வயல் அண்ணாச்சி வந்தாரு. அவரு இசக்கியம்மனைக் கும்பிடுறவரு. அவரு நெல்லும் போயிருந்தது. பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்கார்ந்தாரு. அப்புறம், "எழும்புப்பா. மொதல்ல ரெண்டு பேருக்கும் பொது வரப்பு எங்கன கெடக்குன்னு தேடுவோம்"ன்னாரு. மணல்ல மம்பட்டியால குத்திக் குத்தி வரப்பைத் தேடினோம். அதுல ஒரு நாள் போச்சு. ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது.

தங்கச்சி மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை. மூணு நாள் லீவு போட்டுட்டு வந்தான். "மாமா, எந்த வேலைன்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். ஒரு வசனமும் சொல்லலை. மணலைச் சுமந்தான். கை கொப்புளிச்சுப் போச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலைல புதுத்துணி இல்லாம, சேறு காயாத ஆலயத்துல எல்லாரும் நின்னு பாடினோம். மாட்டுக் கொட்டகையில பிறந்தவரைப் பத்திப் பாட அதை விடப் பொருத்தமான இடம் ஏது?

சாய்ஞ்ச வாழையில பெரும்பாலும் கிழங்கு அழுகிப் போச்சு. மேட்டுப் பக்கம் இருந்த அறுபது எழுபது மட்டும் பக்கக்கன்னு விட்டுச்சு. இதை அற்புதம்னு சொல்ல மாட்டேன். தண்ணி தேங்காத இடத்துல வாழை அப்படித்தான் செய்யும். தாய் விழுந்தாலும் கன்னு வரும். அதுக்காக நன்றி சொல்லத் தடை ஒண்ணும் இல்லையே?

அந்த மாசியில அறுப்பின் பண்டிகை வைக்கணுமா வேண்டாமான்னு சபையில பேச்சு வந்துச்சு. அறுக்க ஒண்ணும் இல்லாத வருஷத்துல என்ன அறுப்பின் பண்டிகைன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கடைசியில வச்சோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: அன்னைக்கு அவங்கவங்க விளைச்சல்ல முதல் பலனைக் கொண்டு வந்து ஆலயத்துல படைப்பாங்க. அப்புறம் ஏலம் போடுவாங்க. ஒரு முருங்கைக்கட்டு ஐநூறு ரூபாய்க்குப் போகும். ஊரே சிரிச்சுக்கிட்டு ஏலம் கேக்கும். அந்த வருஷம் ஒருத்தர் வாழைக்குலைக்குப் பதிலா வாழைக்கன்னு கொண்டு வந்தாரு. அதைப் பார்த்துட்டு இன்னும் நாலு பேரு வீட்டுக்கு ஓடிப்போய்க் கன்னு எடுத்துட்டு வந்தாங்க. குலை இல்லாத வருஷத்துல கன்னை ஏலம் விட்டோம். நானும் அஞ்சு கன்னு எடுத்தேன். நட்டதுல நாலு பிழைச்சுது.

சமீப வருஷமா அறுப்பின் பண்டிகை மேசையில கடையில வாங்கின ஆப்பிளும் பிஸ்கட் பாக்கெட்டும் கூடிட்டே வருது. வேண்டாம்னு சொல்லலை. ஆனா உன் கையால வந்தது ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். வயல் இல்லாத பட்டணத்து ஆளு என்ன செய்ய முடியும்னு கேக்காதீங்க. உங்களுக்கும் பருவம் உண்டு. ஜூன்ல பள்ளிக்கூட ஃபீஸ், மார்ச்ல ஆபீஸ் கணக்கு, மழை மாசத்துல தெருவுல முழங்கால் தண்ணி. உங்களுக்கும் விதைச்சுட்டுக் காத்திருக்கிற நாள் இருக்கு, எல்லாம் சாய்ஞ்சு போற நாளும் இருக்கு. அந்த நாளுக்கு உதவுற மாதிரி, நினைப்பே இல்லாமப் போடுற ஒரு பிடி அரிசி உங்க வீட்ல என்னன்னு யோசிச்சுப் பாருங்க. தினமும் அம்மாவுக்கு ஒரு போனா இருக்கலாம். பக்கத்து வீட்டுத் தனிக் கிழவரை வாரம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறதா இருக்கலாம். தூங்குமுன்னே பிள்ளைங்களோட அஞ்சு நிமிஷம் ஜெபமா இருக்கலாம். சின்னதா இருக்கட்டும், தப்பாம இருக்கட்டும். அது என்னைக்கு யாருக்குக் கஞ்சியாகும்னு நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

வசனம் அனுப்புற பிள்ளைங்க அனுப்புங்க. ஆனா கஷ்டத்துல இருக்கிறவருக்கு அனுப்பினா, பின்னாடியே ஒரு போன் போட்டு, "சாப்பிட்டீங்களா, நான் என்ன செய்யட்டும்?"னு கேளுங்க. முடிஞ்சா நேர்ல போங்க.

எங்க ஊரைப் பார்க்கணும்னா கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துட்டு ஓடாதீங்க. மாசியில அறுப்பின் பண்டிகைக்கு வாங்க. பங்குனியில வந்தா பதநீர் கிடைக்கும். ஐப்பசியில வந்தா நாத்து நடவு. அப்போ சாப்பாடு எளிமையாத்தான் இருக்கும், ஆனா கைக்கு வேலை நிச்சயம் உண்டு. இதை எழுதுறது புரட்டாசிக் கடைசி. சாயங்காலம் மேற்கே மேகம் கூடுது, கலையுது. நாளைக்கு அம்பை 16 விதை நெல்லைச் சாக்குல கட்டி ஊறப்போடணும். சாக்குல ஒரு ஓட்டை இருக்கு, அதை முதல்ல தைக்கணும். வரட்டுமா.